மான் பண்ணையில் சி.டபிள்யூ.டி. சந்தேகமா? அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்

வெள்ளைவால் மானோ, எல்க் என்ற பெரிய மானோ, மியூல் மானோ (வட அமெரிக்காவில் வளர்க்கும் மான் வகைகள்), பண்ணையில் எதை அடைத்து வளர்த்தாலும் சி.டபிள்யூ.டி. எனப்படும் நாள்பட்ட உடல்மெலிவு நோயைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய முடியாது. கீழே வரும் ஒவ்வொரு அறிகுறிக்கும் வேறு காரணங்கள் ஏராளம். பல நேரம் அந்த வேறு காரணம்தான் உண்மையாகவும் இருக்கும். ஆனால் எந்த வழியில் தேடிப் போனாலும், விலங்கு இறந்தால் அதன் தலை ஆய்வுக்கூடத்துக்குப் போயாக வேண்டும். அதைச் செய்யாத வரை நம் கையில் இருப்பது வெறும் ஊகம்தான்.

பின்னணி சுருக்கமாக. இது பிரியான் நோய். பாக்டீரியாவும் இல்லை, வைரஸும் இல்லை. வடிவம் பிறழ்ந்த ஒரு புரதம். முதலில் கண்ணில் பட்டது 1967-இல், கொலராடோவில் ஆய்வுக்காக அடைத்து வைத்திருந்த மியூல் மான்களில். மூளையைக் கடற்பஞ்சு போல ஓட்டையாக்கும் நோய்களின் வகை இது என்று 1978-இல் தெரிந்தது. பண்ணை எல்க்கில் 1996-இல் கனடாவின் சஸ்காட்செவானிலும், 1997-இல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவிலும் பிடிபட்டது. கனடாவிலிருந்து உயிரோடு இறக்குமதியான எல்க்குகளோடு தென்கொரியாவுக்கும் போய்ச் சேர்ந்தது. தடுப்பூசி இல்லை, மருந்து இல்லை, அறிகுறி தெரிந்த விலங்கு பிழைப்பதும் இல்லை. நிர்வாகம் என்று நம்மால் செய்ய முடிவது இரண்டுதான்: சீக்கிரம் கண்டுபிடிப்பது, பரவாமல் பார்த்துக்கொள்வது.

எந்த அறிகுறிக்குப் போவதற்கு முன்பும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். விலங்கின் வயது என்ன? ஒன்றரை வயதுக்குள் இந்த நோயின் அறிகுறி தெரிவது அரிது. நோய் உடலில் புகுந்து வெளியே தெரியவே ஒன்றரை முதல் இரண்டு வருடம், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். அடுத்து, எத்தனை நாளாக இப்படி? நேற்று வரை நன்றாக இருந்து இன்று படுத்துவிட்டது என்றால் முதலில் வேறு எதையாவது சந்தேகியுங்கள். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தால் இதைச் சந்தேகியுங்கள். மூன்றாவது, அது எங்கிருந்து வந்தது? சொந்தப் பண்ணையில் பிறந்ததா, வாங்கியதா, எந்த வருடம், யாரிடம்? இதற்கான பதில் ஞாபகத்தில் இருந்தால் போதாது, காகிதத்தில் இருக்க வேண்டும்.

தின்கிறது, ஆனால் மெலிகிறது

நோயின் பெயரிலேயே மெலிவு இருப்பதால் எல்லோரும் முதலில் பயப்படுவது இதற்குத்தான். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டு தெரியும். ரோமம் பொலிவிழந்து, பருவம் வந்தும் பழைய ரோமம் உதிராமல் நிற்கும். தீவனத் தொட்டிக்கு வருகிறது, வாய் வைக்கிறது, ஆனால் முன்பு தின்ற அளவு தின்பதில்லை.

ஆண் மானாக இருந்தால் நாட்காட்டியைப் பாருங்கள். இனச்சேர்க்கைப் பருவத்தில் ஆண்கள் தீவனத்தை மறந்துவிடும். உடல் எடையில் நான்கில் ஒரு பங்கு வரைகூடக் குறையலாம். குளிர்காலத் தொடக்கத்தில் மெலிந்து நிற்கும் ஆண் மானுக்கு இதுதான் பெரும்பாலும் காரணம். வசந்தத்தில் பச்சை வந்த பிறகும் தேறவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

அப்புறம் பற்கள். வயதான எல்க்கின் கடைவாய்ப் பற்கள் தேய்ந்து போயிருந்தால் தின்றது செரிக்காது. சாணத்தில் அரைபடாத நார் தெரியும். தாடையில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். தொட்டியருகே ஒரு மணி நேரம் நின்று யார் யாரை விரட்டுகிறார்கள் என்றும் கவனியுங்கள். பலமான பெண் எல்க் ஒன்று மற்றதைத் தொட்டியை அண்டவிடாமல் வைத்திருந்தால், நோயே இல்லாமலும் ஒரு விலங்கு எலும்பும் தோலுமாகும்.

சாணத்தைக் குடற்புழு முட்டைக்கும், ஜோன்ஸ் என்ற குடல் நோய்க்கும் பரிசோதிக்க அனுப்புங்கள். ஜோன்ஸ் நோயிலும் தின்றுகொண்டே மெலியும். மான் இனங்களில் சாணம் இளகிப் போவது அதற்கு ஒரு துப்பு. சி.டபிள்யூ.டி.யில் வயிற்றுப்போக்கு முக்கிய அறிகுறி கிடையாது. குடற்புழு நீக்கம் செய்து, தனிக் கொட்டிலில் நல்ல தீவனம் கொடுத்து, சில வாரங்களில் எடை ஏறத் தொடங்கினால் நிம்மதி. ஏறாமல் இறங்கிக்கொண்டே போனால், கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டிய நாள் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

தனிக் கொட்டில் என்று சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. சந்தேகப்பட்ட விலங்கை நிறுத்திய இடத்தில் பிறகு குட்டிகளை விடாதீர்கள். எச்சில், சிறுநீர், சாணம் எல்லாவற்றிலும் பிரியான் வெளியேறும். அறிகுறி தெரிவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அது தொடங்கிவிடும். அந்த மண் பிறகு நம்மை விடாது.

வாயில் எச்சில் வழிகிறது, தண்ணீர்த் தொட்டியை விட்டு நகரவில்லை

முற்றிய நிலையில் இருக்கும் மானை ஒருமுறை பார்த்தால் மறக்காது. தலை தாழ்ந்து, காதுகள் தொங்கி, தாடையிலிருந்து நூல் நூலாக எச்சில். குளிர்நாளில் கழுத்து ரோமம் நனைந்து உறைந்து கிடக்கும். தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சிக் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் விடும், பல்லை நறநறவென்று கடிக்கும். எல்க்கில் இந்த அதீதத் தாகம் அவ்வளவு எடுப்பாகத் தெரியாமலும் போகலாம்.

கோடையின் கடைசியிலோ இலையுதிர் காலத் தொடக்கத்திலோ இதைப் பார்த்தால் முதல் சந்தேகம் இ.எச்.டி. என்ற ரத்தக்கசிவு நோய் மேலும், நீல நாக்கு நோய் மேலும் விழ வேண்டும். இரண்டையும் பரப்புவது ஒரே வகைச் சிறு கடிபூச்சி. காய்ச்சல் ஏறும், நாக்கும் முகமும் வீங்கும், வாயில் புண் வரும். வெள்ளைவால் மான் சில நாட்களிலேயே, பெரும்பாலும் தண்ணீர் ஓரமாகவே, செத்துக் கிடக்கும். உறைபனி விழுந்து பூச்சி ஒழிந்ததும் சாவும் நிற்கும். இந்த வேகத்துக்கும் சி.டபிள்யூ.டி.யின் மந்தகதிக்கும் சம்பந்தமே இல்லை.

எச்சில் வழிகிற விலங்கின் வாய்க்குள் வெறுங்கையை விட்டுப் பார்க்காதீர்கள். பல்லிடுக்கில் குச்சி சிக்கியிருக்கலாம், சரிதான். ஆனால் ரேபிஸ் என்ற வெறிநோயாகவும் இருக்கலாம், மான்களுக்கு அது வரும். சி.டபிள்யூ.டி. மனிதருக்குத் தொற்றியதாக இன்றுவரை உறுதியான ஒரு நோயாளிகூட இல்லை. ரேபிஸ் கதை வேறு. இரண்டில் எது என்ற குழப்பம் இருந்தால் தலையை அனுப்பும் முன்பே ஆய்வுக்கூடத்தைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். இரண்டு பரிசோதனைக்கும் மூளைத்தண்டு வேண்டும். ஒன்றுக்காக எல்லாவற்றையும் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டுவிட்டு இன்னொன்றுக்குத் தேடுவது வீண் தலைவலி.

கால் பின்னுகிறது, இடறி விழுகிறது

பின்னங்கால்களை அகட்டி வைத்து நிற்கும். திரும்பும்போது இடுப்பு ஆடும். வேலி ஓரமாக ஒரே தடத்தில் போய்ப் போய்த் திரும்பும்.

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் எல்க் வளர்ப்பவர்கள் இங்கே முதலில் நினைக்க வேண்டியது மூளைப்புழுவை. அதன் இயல்பான வீடு வெள்ளைவால் மான்தான், அதை ஒன்றும் செய்யாது. மானின் சாணத்தில் வரும் இளம்புழு நத்தைக்குள் போய் வளரும். புல்லோடு நத்தையைத் தின்ற எல்க்கின் தண்டுவடத்திலும் மூளையிலும் அது வழி தவறி அலையும். பின்னங்கால் தளர்வது, தலை ஒருபக்கம் சாய்வது, வட்டமடிப்பது எல்லாம் அதனால் வரும். ஈரமான தாழ்நிலம், நத்தைகள், வேலிக்கு அந்தப் பக்கம் காட்டு மான் என்று மூன்றும் சேர்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கும்.

இளம் விலங்குக்குப் பின்பக்கம் ஆடினால் தாமிரச் சத்துக் குறைபாடு ஒரு காரணம். ரத்தமோ ஈரலோ பரிசோதித்தால் தெரியும். ஆண் மானுக்குக் கொம்படியைச் சுற்றிச் சீழ் இருந்தால் மூளைக்குள் சீழ்க்கட்டி இருக்கலாம், சண்டைப் பருவத்துக்குப் பிறகு இது வரும். ஒரேயடியாகத் தானியத்தைத் தின்று வயிற்றில் அமிலம் ஏறிய விலங்கும் குடித்தவன் போலத் தள்ளாடும், ஆனால் அது ஓரிரு நாள் கூத்து. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா தாக்கினால் முகத்தின் ஒருபக்கம் தொங்கும்.

சிகிச்சை கொடுத்துத் தேறிவிட்டால் அது சி.டபிள்யூ.டி. இல்லை; இந்த நோயில் சரிவு நின்று ஏறுமுகம் என்பது கிடையாது. தேறாததை வைத்து மட்டும் இதுதான் என்று முடிவு கட்டவும் முடியாது.

குணம் மாறிவிட்டது

இதை மருத்துவர் கண்டுபிடிக்க மாட்டார். தினமும் தீவனம் போடுபவர்தான் கண்டுபிடிப்பார். கூட்டத்தோடு ஒட்டாமல் ஒதுங்கி நிற்கும். ஆளைக் கண்டால் ஓடும் மான் ஓடாது, வெறித்துப் பார்க்கும். தலையைத் தாழ்த்தி நின்றபடி தூங்கி வழியும்; கூப்பிட்டால் திடுக்கிட்டு விழிக்கும். எல்க்கில் நேர்மாறாகவும் நடக்கும்: சாதுவாக இருந்தது பிடிக்கும்போது துள்ளி முரண்டு பிடிக்கும், பதற்றம் கூடும்.

பண்ணையாளர்களிடம் நான் வற்புறுத்தும் ஒரே நோட்டு இதுதான். காதுவில்லை எண், தேதி, பார்த்தது என்ன என்று ஒரே வரியாக எழுதி வையுங்கள். "47, கூட்டத்தில் இல்லை, வேலியோரம்" என்றால் போதும். ஒரு வரி ஒன்றும் சொல்லாது. அதே எண்ணுக்கு மூன்று வாரத்தில் ஐந்தாறு வரி சேர்ந்தால் அது பேசும். போனில் வீடியோ எடுத்து மருத்துவருக்கு அனுப்பினால் இன்னும் நல்லது, ஏனென்றால் புது ஆள் வந்து நின்றதும் பயத்தில் விலங்கு ஒரு நிமிடம் சரியாக நடந்து காட்டிவிடும்.

திடீரென்று செத்துக் கிடந்தது, நுரையீரலில் சளி

ஏமாறுகிற இடம் இது. நோய் முற்றிய விலங்குக்கு விழுங்கும் ஒழுங்கு கெட்டு, எச்சிலும் தீவனமும் மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரும். பிரேதப் பரிசோதனையில் நுரையீரலைத் திறந்தால் காரணம் பளிச்சென்று தெரியும். "நிமோனியா" என்று எழுதிவிட்டுக் குழி தோண்டிவிடுவார்கள். பல ஆண்டுகளுக்கு முன்பே பண்ணைக்குள் நுழைந்த நோய் இப்படியே கவனிக்கப்படாமல் இருந்துவிட வாய்ப்பு அதிகம்.

நாய் கடித்துச் செத்தாலும், வேலியில் மாட்டிச் செத்தாலும், கொம்பு குத்திச் செத்தாலும் இதே கதைதான். தள்ளாடும் விலங்குதானே வேலியில் மாட்டும்? மந்தையில் இந்த நோய் அபாயம் குறைவு என்று சான்று தரும் அமெரிக்க மத்திய அரசின் மந்தைச் சான்றுத் திட்டத்தில் இருக்கும் பண்ணையில் 12 மாதம் நிறைந்த எந்த விலங்கு எந்தக் காரணத்தால் இறந்தாலும் மாதிரி அனுப்ப வேண்டும். இறைச்சிக்கு வெட்டியதற்கும், வேட்டைப் பண்ணையில் சுட்டதற்கும் சேர்த்துத்தான். விதி இருக்கிறதோ இல்லையோ, இதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரி எடுப்பது: கெடுவது இங்கேதான்

அறிகுறியைப் பார்த்துச் சரியாகச் சந்தேகித்து, கடைசியில் மாதிரியைக் கெடுத்தால் எல்லாப் பாடும் வீண். வேண்டியவை இரண்டு: மூளைத்தண்டில் ஓபெக்ஸ் என்ற பகுதி, தொண்டைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு நிணநீர்க் கணுக்கள்.

கருணைக்கொலை செய்யவேண்டி வந்தால் தலையில் சுடாதீர்கள். குண்டு மூளைத்தண்டைக் கூழாக்கிவிடும். தலையைக் கழுத்தின் முதல் எலும்பு மண்டையோடு சேரும் இடத்தில் பிரியுங்கள். அதற்குக் கீழே வெட்டினால் தண்டுவடத் துண்டுதான் கிடைக்கும், மேலே வெட்டினால் ஓபெக்ஸே இரண்டாகும். மண்டையோட்டின் பின்துளை வழியாக நீளமான கரண்டியை விட்டு, சுற்றியுள்ள நரம்புகளை அறுத்து, மூளைத்தண்டை முழுசாக வெளியே இழுக்க வேண்டும். மேல்பக்கம் பார்த்தால் V வடிவில் ஒரு பள்ளம் தெரியும். அந்த V-இன் முனைதான் ஓபெக்ஸ். அந்த முனை உங்கள் துண்டில் இல்லை என்றால் அந்த மாதிரியால் பயனில்லை. கணுக்கள் குரல்வளைக்கு மேலே, தொண்டையின் பின்சுவரோடு ஒட்டி, இடமும் வலமுமாகக் கொட்டைப்பாக்கு அளவில் இருக்கும். பக்கத்தில் உமிழ்நீர்ச் சுரப்பியும் இருக்கிறது. புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் அதைத்தான் வெட்டி அனுப்புவார்கள். சுரப்பி திராட்சைக் கொத்து மாதிரி சொரசொரப்பு; கணுவை நறுக்கினால் வழவழப்பு.

திசுவைச் சாயமேற்றிப் பார்க்கும் பரிசோதனைக்கு 10 சதவீத ஃபார்மலினில் போடுங்கள், உறைய வைக்காதீர்கள். எலைசா என்ற வேகப் பரிசோதனைக்குப் பச்சையாகக் குளிர்பதனத்தில் அனுப்ப வேண்டும். உங்கள் ஆய்வுக்கூடம் எதைக் கேட்கிறது என்று முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். காதுவில்லையை மட்டும் கழற்றி உறையில் போடாமல், அது மாட்டியிருக்கும் காதுத் துண்டோடு அனுப்புங்கள். மாதிரி இந்த விலங்கினுடையதுதானா என்ற கேள்வி வந்தால் டி.என்.ஏ. வைத்துப் பொருத்திப் பார்க்கலாம். வெயிலில் இரண்டு நாள் கிடந்த உடலாக இருந்தாலும் தலையை எடுங்கள். மூளை கரைந்திருக்கும், ஆனால் கணு தாக்குப்பிடித்திருக்கலாம்.

கையுறை, கண்ணாடி, இந்த வேலைக்கென்றே ஒரு கத்தி. எஃகுக் கருவியில் ஒட்டியிருக்கும் சதையைச் சுத்தமாகக் கழுவி எடுத்துவிட்டு, வீட்டு பிளீச் 2 பங்குக்குத் தண்ணீர் 3 பங்கு கலந்து 5 நிமிடம் ஊற வையுங்கள். சதைத்துணுக்கு ஒட்டியிருந்தால் பிளீச் அதற்குள் ஊடுருவாது. ஸ்பிரிட்டும் ஃபார்மலினும் கொதிநீரும் பிரியானை ஒன்றும் செய்யாது.

முடிவு "கண்டறியப்படவில்லை" என்று வந்தது

நல்ல செய்திதான். ஆனால் அந்த விலங்கின் அந்தத் திசுவில் அன்று தெரியவில்லை என்பதற்கு மேல் அதில் எதையும் படிக்காதீர்கள். தொற்றின் ஆரம்பத்தில் எந்தப் பரிசோதனையும் பிடிக்காது. வெள்ளைவால் மானிலும் மியூல் மானிலும் பொதுவாகக் கணுவில்தான் முதலில் தெரியும், மூளைக்கு அப்புறம் போகும். எல்க்கில் அப்படி நம்ப முடியாது: சிலவற்றில் கணு சுத்தமாக இருக்கும், ஓபெக்ஸில் மட்டும் பிடிபடும். எல்க்குக்கு ஒன்றை மட்டும் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது என்பதற்கு இதுதான் காரணம்.

"மாதிரி தகுதியற்றது" என்று வந்தால் அதை இல்லை என்ற விடையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடிக்கடி அப்படி வந்தால் பண்ணையின் சான்று நிலைக்கே ஆபத்து.

உயிரோடு பரிசோதித்துத் தெரிந்துகொள்ள முடியாதா?

ஓரளவு முடியும். மலக்குடலின் உட்சுவரில் சிறு திசுவைக் கிள்ளி எடுத்துப் பார்க்கும் முறை இருக்கிறது. டான்சிலிலிருந்து எடுப்பதும் உண்டு. மந்தை முழுவதையும் ஒருசேரப் பரிசோதித்தால் நோய் இருக்கிறதா என்று தெரியவரும். ஒரு தனி விலங்கைக் கைகாட்டி இது சுத்தம் என்று சொல்ல அது உதவாது. தொற்றின் தொடக்கத்தில் தவறவிடும், எல்க்கில் இன்னும் அதிகமாகத் தவறவிடும்.

மரபணுவும் இங்கே குறுக்கே வரும். பிரியான் புரதத்தை உண்டாக்கும் மரபணுவில், வெள்ளைவால் மானுக்கு 96-ஆவது இடமும் எல்க்குக்கு 132-ஆவது இடமும் முக்கியம். அந்த இடத்தில் வரும் அமினோ அமிலங்களின் எழுத்துகளே வகையின் பெயர். மானில் ஜி.ஜி. வகைக்கு நோய் எளிதில் தொற்றி வேகமாகப் போகும், எஸ். இருந்தால் மெதுவாகப் போகும். எல்க்கில் எல்.எல். வகைக்கு அறிகுறி வர நீண்ட காலம் ஆகும். இதை வைத்து "நோய் எதிர்ப்பு மான்" என்று விளம்பரம் செய்பவர்களிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். முற்றிலும் தொற்றாத வகை என்று எதுவும் உறுதிப்படவில்லை. மெதுவாக நோய்ப்படும் விலங்கு, அறிகுறி காட்டாமலே நீண்ட நாள் பிரியானை வெளியேற்றிக்கொண்டிருக்கவும் கூடும். இனப்பெருக்கத்துக்குத் தேர்ந்தெடுக்கும்போது கணக்கில் எடுத்துக்கொள்ளலாம், வேலிக்குப் பதிலாக அதை நம்பக் கூடாது.

எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது

எனக்கு மெலிந்த மானைவிட இந்த அறிகுறி பெரிது. எங்கே போனது? செத்துப் புதருக்குள் கிடக்கிறதா, வெளியே ஓடிவிட்டதா, காதுவில்லை விழுந்து வேறு கணக்கில் சேர்ந்துவிட்டதா? செத்திருந்தால் பரிசோதிக்காத ஒரு தலை. ஓடியிருந்தால் காட்டு மான்களோடு கலந்த ஒரு வாய்.

வேலியைச் சுற்றி நடந்தே பாருங்கள், வண்டியில் போகாதீர்கள். அமெரிக்கத் திட்டம் கேட்பது 8 அடி உயரம். கோடையில் 8 அடியாக இருக்கும் வேலி, பனி காற்றில் அடித்துக் குவிந்த மூலையில் 5 அடியாகிவிடும். உள்ளிருப்பது வெளியே போகவும் வெளியே இருப்பது உள்ளே குதிக்கவும் அது போதும். ஓடை குறுக்கிடும் இடத்தில் வெள்ளம் மண்ணை அரித்துக் கீழே இடைவெளி விட்டிருக்கும். விழுந்த மரம், திறந்து கிடந்த வாசல், எல்லாம் இதே கணக்கு.

ஓட்டை இல்லாமலும் நோய் உள்ளே வரும். ஒற்றை வேலியின் இருபுறமும் மூக்கோடு மூக்கு உரசினால் போதும். காட்டு மான்களில் நோய் இருக்கும் பகுதி என்றால் இரட்டை வேலிதான் ஒழுங்கான தீர்வு. செலவு கட்டாது என்றால் உள்பக்கம் சற்றுத் தள்ளி ஒரு மின்கம்பி. தீவனத் தொட்டியையும் உப்புக்கட்டியையும் வேலியிலிருந்து நடுப்பகுதிக்கு நகர்த்துங்கள், இதற்குக் காசே ஆகாது. உள்ளே வந்துவிட்ட காட்டு மானை மட்டும் விரட்டி வெளியே அனுப்பிவிடாதீர்கள். மாநில வனவிலங்குத் துறையைக் கூப்பிடுங்கள்.

கடிதம் வந்தது: நீங்கள் வாங்கிய மான் நோய்ப் பண்ணையிலிருந்து வந்தது

ஒரு பண்ணையில் நோய் உறுதியானால் கடந்த 5 ஆண்டில் அங்கிருந்து போனதையும் அங்கே வந்ததையும் தேடுவார்கள். அதில் உங்கள் பெயர் வந்தால் பதற வேண்டாம், ஆனால் அன்றே எல்லா நகர்வையும் நிறுத்துங்கள். விற்பதாகப் பேசி முன்பணம் வாங்கியிருந்தாலும் நிறுத்துங்கள். வந்த விலங்கு இன்னும் இருக்கிறதா? அதைக் கொன்று பரிசோதிப்பதுதான் நகர்வுத் தடை உத்தரவு சீக்கிரம் நீங்கும் வழி. ஏற்கெனவே செத்துப் பரிசோதித்திருந்தால் அந்த அறிக்கை உங்களைக் காப்பாற்றும். செத்து, பரிசோதிக்காமல் புதைத்திருந்தால் மந்தை முழுவதும் பல ஆண்டு தடையில் மாட்டலாம்.

வாங்கும்போதே பார்க்கவேண்டிய ஒன்று: மந்தைச் சான்று முழுசாகக் கிடைக்க 5 ஆண்டுக் கண்காணிப்பு வேண்டும். உங்களுக்கு 5 ஆண்டு நிறைந்திருந்தாலும், 2 ஆண்டு மட்டுமே ஆன மந்தையிலிருந்து ஒரு விலங்கைச் சேர்த்தால் உங்கள் நிலையும் அந்த 2-க்கு இறங்கிவிடும். கொம்பு அழகைப் பார்த்து அவசரப்பட்டு வாங்கியவர்களுக்கு இது பிறகுதான் உறைக்கும்.

உறுதியாகிவிட்டது

பெரும்பாலும் முதலில் பிடிபடும் விலங்கு எந்த அறிகுறியும் காட்டாததாகவே இருக்கும். கனடாவில் கனடா உணவுப் பரிசோதனை முகமைக்கு உடனே தெரிவிக்க வேண்டிய நோய் இது. அமெரிக்காவில் மாநிலக் கால்நடை அதிகாரிக்கும் விவசாயத் துறையின் விலங்கு, தாவர நலப் பிரிவான ஏ.பி.எச்.ஐ.எஸ்.-க்கும் போகும். உயிருள்ள விலங்கு, இறைச்சி, கொம்பு, விந்து எதுவும் பண்ணையை விட்டு நகரக் கூடாது. நோய் உறுதியான விலங்கின் இறைச்சியை யாரும் உண்ண வேண்டாம் என்பதுதான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை.

அப்புறம் இரண்டு வழி. மந்தையை முழுவதும் அழித்து இழப்பீடு வாங்குவது, அல்லது ஒப்புக்கொண்ட திட்டப்படி தடையிலேயே மந்தையை வைத்துக்கொண்டு சாகிறதையெல்லாம் பரிசோதிப்பது. அமெரிக்க மத்திய இழப்பீடு மதிப்பிட்ட விலையில் 95 சதவீதம் வரை, ஒரு விலங்குக்கு 3,000 டாலருக்கு மேல் இல்லை. அதுவும் நிதி இருந்தால்தான். உயர்ந்த கொம்புக்காக வளர்த்த ஆண் மானின் சந்தை விலைக்கு இது எங்கேயும் எட்டாது. கனடாவில் தன்னார்வ மந்தைச் சான்றுத் திட்டத்தில் சேர்ந்து விதிப்படி நடந்த பண்ணைக்குத்தான் இழப்பீடு. சின்ன மந்தை, சமீபத்திய தொற்று என்றால் அழிப்பதே நல்லது என்பது என் எண்ணம். தடையில் வைத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் மண்ணில் இன்னும் கொஞ்சம் பிரியான் சேர்கிறது.

அழித்தாயிற்று, மறுபடி எப்போது வளர்க்கலாம்?

கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் ஆய்வு வளாகத்தில் 1980-களில் இதை முயன்றார்கள். எல்லா மான்களையும் எல்க்குகளையும் கொன்று, மண்ணைப் புரட்டி, குளோரின் கலவையைத் திரும்பத் திரும்பத் தெளித்து, காலியாகப் போட்டு வைத்திருந்துவிட்டு எல்க் குட்டிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். 5 ஆண்டுக்குள் அவற்றில் இரண்டு இதே நோயில் செத்தன. செத்த மான் மக்கி இரண்டு ஆண்டு நெருங்கிய பிறகும் அந்தப் புல்வெளியில் புதிதாக விட்ட மான்களுக்குத் தொற்றியதைப் பின்னால் நடந்த ஆய்வொன்று காட்டியது. களிமண் பிரியானைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஆகவே சாணத்தையும் படுக்கை வைக்கோலையும் மேல்மண்ணோடு வழித்து எடுத்து, அதிகாரிகள் சொல்லும் இடத்தில் புதைக்கவோ எரிக்கவோ செய்யுங்கள். மரத் தொட்டிகளைக் கழுவிச் சேமிக்க நினைக்காதீர்கள், எரித்துவிடுங்கள். கான்கிரீட்டையும் இரும்பையும் சுரண்டிக் கழுவி பிளீச் போடலாம். திறந்த மேய்ச்சல் நிலத்தைச் சுத்தம் செய்ய வழி இல்லை. நோய் அதிகம் இருந்த பண்ணை என்றால் அந்த நிலத்தில் மறுபடி மான் வேண்டாம், பயிர் வையுங்கள் அல்லது மாடு விடுங்கள். மாட்டுக்கு இயற்கையாக இது தொற்றியதாக இதுவரை இல்லை.

வேலியை மட்டும் பிரித்து விற்றுவிடாதீர்கள். பொதுவாக 5 ஆண்டு அதை நிறுத்தி வைக்கச் சொல்வார்கள், ஏனென்றால் இப்போது அதன் வேலை வெளியே இருக்கும் காட்டு மான் அந்த மண்ணை மேய வராமல் தடுப்பது. மான் இல்லாத பண்ணைக்கும் வாரம் ஒருமுறை அதே வேலியைச் சுற்றி நடந்துதான் ஆக வேண்டும்.